வேரைத் திறந்து காட்டிய நாள்

இன்று காலை எங்கள் ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய் மாற்ற வந்தவர்கள் மதில் ஓரம் மண்ணைக் கிண்டினார்கள். வாசலுக்குப் போனேன். ஈர மண்ணும் அறுபட்ட பச்சை வேரும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. உடனே நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள். நோர்வேயில் நீங்கள் கண்மூடிய செய்தி வந்து மூன்று மாதமாகிறது. இதுவரை நான் அழவில்லை. இன்று குழாய்க்காரர்கள் முன்னால் நின்று அழுதேன். தண்ணீரை நிறுத்தியதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து, "பின்னேரத்துக்குள்ள தண்ணி வந்துரும் அம்மா" என்று ஆறுதல் சொன்னார்கள்.

சண்டைக் காலத்தில் தலைநகரில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வாடகைக்கு வந்தீர்கள். முல்லைத்தீவுப் பக்கம் உங்களுக்கு ஐந்து ஏக்கர் மரமுந்திரிகைத் தோட்டம் இருந்தது. கணவர் இறந்த பிறகு நீங்கள் தனியாகவே பார்த்த தோட்டம். ஷெல்லடியில் அதை விட்டுவிட்டு, நோர்வேயிலிருந்த தம்பியிடம் போக விசாவுக்குக் காத்திருந்தீர்கள். வந்த அன்றே, பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல், எங்கள் பின்வளவில் நின்ற முந்திரிகை மரத்தைப் போய்ப் பார்த்தீர்கள். இலை மஞ்சளாகி, நுனிக்கொப்புகள் காய்ந்து, அடியில் பிசின் வடிந்துகொண்டிருந்தது. வயசாகிவிட்டது, வெட்டித் தறிக்கப் போகிறோம் என்றேன்.

"வயசில்லை அக்கா. கழுத்து மட்டத்துக்கு மண்ணை நிரப்பி வச்சிருக்கிறியள். மூச்சுவிடேலாமல் நிக்குது."

உண்மைதான். பின்னறை கட்டியபோது மிஞ்சிய மண்ணையும் கல்லையும் அந்த மரத்தடியில்தான் கொட்டினோம். வீட்டிலிருந்த பதினொரு பேரின் உடுப்புக் கழுவிய சவர்க்காரத் தண்ணீரும் அங்கேதான் தேங்கும். அடிமரம் வேராக விரியும் இடம் வெளியே தெரிய வேண்டும் என்பதும், முந்திரிகை வேருக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது என்பதும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த நாளே கிண்டத் தொடங்கிவிட்டீர்கள்.

அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு தமிழர் வீட்டு வளவில் குழி தோண்டினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் மரத்துக்கு வைத்தியம் பார்த்தோம். ஆயுதம் புதைக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நாள் பத்து மணிக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் மூன்று பொலிஸ்காரரும் வந்து நின்றார்கள். ஒருவன் கையில் அலவாங்கு, நீட்டுக் கடப்பாரை.

மரத்தடி முழுவதையும் இடித்துப் பார்க்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். உங்களுக்குச் சிங்களம் பேச வராது. நான்தான் தமிழில் சொன்னேன். உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

"அலவாங்கு போட்டால் வேர் சிதைஞ்சு போகும். நானே முழுக்கத் திறந்து காட்டுறன் எண்டு சொல்லுங்கோ" என்றீர்கள்.

உயிர் போகிற நேரத்தில் மரத்துக்காகப் பேரம் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அதைச் சிங்களத்தில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் என்னை உற்றுப் பார்த்தார்.

"மெயாவ தன்னவத?" இவளைத் தெரியுமா என்று கேட்டார்.

"தன்னே நே" என்றேன். தெரியாது, வாடகைக்கு வந்தவள், அவ்வளவுதான் என்றேன். முதல்நாள் மத்தியானம் என்னோடு ஒரே கோப்பையில் சோறு குழைத்துச் சாப்பிட்ட உங்களை.

நீங்கள் மண்ணில் குப்புறப் படுத்தீர்கள். தேங்காய்ச் சிரட்டையால் கொஞ்சம் தண்ணீர் விடுவீர்கள், ஊறிய மண்ணை விரலால் வழிப்பீர்கள். முதலில் மரத்தின் கழுத்து தெரிந்தது. பிறகு தொடையளவு தடித்த வேர்கள், அவற்றிலிருந்து விரலளவு, அவற்றிலிருந்து நூலளவு. ஒன்று குசினியில் அடுப்புக்குக் கீழே போயிற்று. ஒன்று மதிலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போயிற்று. பதினைந்து வருசம் அந்த மரத்தில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டவள் நான். அதன் மேலேதான் குடியிருக்கிறேன் என்று அன்றுதான் கண்டேன். பயம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. கோயிலில் திரை விலகும்போது போல வளவு முழுவதும் பேச்சடங்கியது. அலவாங்கு வைத்திருந்தவன் அதை மதிலில் சாத்திவிட்டு உங்களுக்கு வாளியில் தண்ணீர் அள்ளிவந்தான். "அம்மோ" என்று வியந்தான். நீங்கள் நகத்தால் ஒரு வேரைச் சுரண்டி, "உள்ளுக்கு வெள்ளை, இது உயிர்" என்று எனக்குக் காட்டினீர்கள். இன்னொன்று கறுத்துப் புளித்த நாற்றம் அடித்தது. அதை வெட்டக் கத்தி கேட்டீர்கள். பொலிஸ் நிற்கிற வளவில் கத்தி! இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

மூன்று மணிக்கு எல்லாம் திறந்து கிடந்தது. நல்ல வேர் ஒன்றுகூட அறுபடவில்லை. வேரைத் தவிர அங்கே ஒன்றும் இருக்கவில்லை. "ஹரி, வஹன்ன" என்று மூடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஆனாலும் உங்கள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கும்படி சொன்னார். அப்படிப் போன சிலர் மாதக்கணக்கில் திரும்பவில்லை. நீங்கள் தனியே போனீர்கள். நான் உங்களோடு வரவில்லை.

பொழுது சாயும் நேரம் அட்டையோடு திரும்பி வந்தீர்கள். செருப்பைக் கழற்றுமுன் கேட்டது இதுதான்: "அக்கா, மரத்தடிக்குச் சருகு போட்டனீங்களோ? அடிமரத்திலை முட்டாமல் போட்டனீங்களோ?" எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏன் குனிஞ்சுகொண்டு நிக்கிறியள்? 'தன்னே நே' எண்டது எனக்குத் தெரிஞ்ச கொஞ்சச் சிங்களத்திலை ஒண்டு. எத்தினை ஆமிச் சோதனைச் சென்றியிலை கேட்டிருப்பன். பயத்திலை சொன்னதுதானே, விடுங்கோ."

நான் சொன்னதை விளங்கிக்கொண்டுதான் அந்த ஐந்து மணித்தியாலமும் மண்ணில் கிடந்திருக்கிறீர்கள். உங்கள் விரல் ஒருமுறைகூட அவசரப்படவில்லை.

மழைக்குப் பிறகு மரம் செம்பு நிறத்தில் தளிர்விட்டது. அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினீர்கள். பிறகு பல வருசம் காய்த்தது.

நீங்கள் மன்னித்தீர்கள் என்பதற்காக நான் சொன்னது இல்லாமல் போய்விடாது. உங்களுக்குப் பிறகு அந்த அறையில் வவுனியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கினார்கள். சோதனைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். தெரியும் என்றேன். ஒருமுறை அந்தப் பதிலுக்காக, ஹட்டன் பிள்ளை ஒருத்தியோடு என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். காலையிலிருந்து மாலைவரை ஸ்டேஷன் மரவாங்கில் அந்தப் பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய கையை விடாமல், கேட்கக் கேட்கத் தெரியும் என்றே சொன்னேன்.