சின்னதாக ஒரு சண்டை

கோவில்பதாகை, ஆவடி
12.2.1987

அன்புத் தம்பி கிறிஸ்துராஜுக்கு,

மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். எல்லையில் நம் படையும் பாகிஸ்தான் படையும் எதிரெதிரே நிற்பதாக ரேடியோவில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மாமாவுக்கோ தூங்க நேரமில்லை. அம்பத்தூர் பட்டறையில் டாங்கிக்கான உதிரிபாகங்களை ராப்பகலாக லேத்தில் கடைகிறார்கள். ஓவர்டைம் காசில் நம் பெண் ரோஸிக்குப் புதுப் பள்ளிச் சீருடை தைத்தாயிற்று. "உன் தம்பி அங்க நின்னுகினு கீற வரைக்கும் இங்க மெஷின் நிக்காது" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வரியாவது எழுது.

உன் அக்கா
ஞானசௌந்தரி


56 ஏ.பி.ஓ.
(ராணுவத் தபால்)
20.4.1987

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். இரண்டு பக்கமும் பின்வாங்கிவிட்டோம். சண்டை வராமல் முடிந்தது என்று நீயும் கேட்டிருப்பாய். ஆனால் மணலில் நாங்களே புதைத்த கண்ணிவெடிகளைத் திரும்ப எடுக்கும்போது ஒன்று வெடித்து, என்னோடு டாங்கியில் இருந்த நாகப்பன் இறந்துவிட்டான். நம் பக்கத்து முத்தாபுதுப்பேட்டைக்காரன். அவன் அம்மா வேம்புலியம்மாளை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. எனக்கு எழுத வரவில்லை.

கிறிஸ்துராஜ்


கோவில்பதாகை
9.5.1987

அன்புத் தம்பிக்கு,

போய்ப் பார்த்தேன். அந்த அம்மா அழவில்லை. "சண்டையே நடக்கலியே, எம்புள்ள எப்டிம்மா செத்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜாக்கிரதையாக இரு, ராஜா.

அக்கா


கோவில்பதாகை
6.10.1991

அன்புத் தம்பிக்கு,

பட்டறையை மூடிவிட்டார்கள். தேசத்தில் டாலர் இல்லையாம், ராணுவச் செலவைக் குறைக்கிறார்களாம். ஆர்டர் வருவது நின்றே போனது. உன் மாமா தினமும் சட்டை மாட்டிக்கொண்டு ரயிலேறிப் போய், பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்.

நேற்று சாப்பிடும்போது, "சின்னதா ஒரு சண்டை வந்தா போதும் சௌந்தரி, பட்டறைய தொறந்துடுவாங்க" என்றார்.

"என் தம்பி அங்க கீறான், மறந்துட்டியா?" என்றேன்.

"அவன் சம்பளம் வாங்கினு கீறான். நான் இன்னா வாங்கினு கீறேன்?"

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவரோடு எனக்குப் பேச்சில்லை.

அக்கா


56 ஏ.பி.ஓ.
14.11.1991

அன்பு அக்காவுக்கு,

மாமாவோடு பேசு. வேலை போன மனுஷன் பேச்சைப் பெரிதாக எடுக்காதே.

செலவு வெட்டு இங்கேயும்தான். சுட்டுப் பழகக் கொடுக்கும் குண்டைப் பாதியாக்கிவிட்டார்கள். ரஷ்யாவிலிருந்து வரும் சாமானும் நின்றுவிட்டது. ஒரு டாங்கியில் கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறோம். மாமா கடைந்து தரத் தயார், எங்களுக்கோ சாமான் வேண்டும்; நடுவில் பணம்தான் இல்லை. இப்போது சண்டை வந்தால் எங்கள் வண்டி பாதி தூரம் போகுமா என்று எங்கள் ஆபீசருக்கே தெரியாது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் வேறு நாளுக்கு நாள் நிலைமை மோசமாகிறது. என்னையும் சேர்த்து எங்களில் சிலரை அங்கே அனுப்பப் போகிறார்கள்.

ராத்திரியில் பயம் வந்தால் ஒன்றை நினைத்துக்கொள்வேன். யார் என்ன வேண்டிக்கொண்டாலும், சண்டை வரக்கூடாது என்று என் அக்கா முழந்தாளில் இருக்கிறாள். அது போதும் எனக்கு.

ரோஸிக்கு முத்தங்கள்.

கிறிஸ்துராஜ்


கோவில்பதாகை
3.8.1992

அன்புத் தம்பிக்கு,

ரோஸியின் படிப்பை நிறுத்தி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிறாள். தாய்மாமன் உன்னைக் கேட்காமல் செய்தேன்.

போன வாரம் ரேடியோவில் எல்லையில் பீரங்கிச் சண்டை என்றார்கள். கேட்டதும் முதலில் என் மனசில் வந்தது பட்டறை. இனி ஆர்டர் வரும், ரோஸியைத் திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே அடுப்பை மூட்டினேன். நீ அங்கே இருக்கிறாய் என்பது உலை கொதித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது, தம்பி. உலையை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். முழந்தாளிட்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

உன்னிடம் இதை மறைத்துவிட்டு நலமா என்று எழுத என்னால் முடியவில்லை. திட்டியாவது எழுது.

அக்கா


கோவில்பதாகை
18.12.1993

அன்புத் தம்பிக்கு,

போன கிறிஸ்துமஸுக்கு எழுதினேன், ஈஸ்டருக்கு எழுதினேன், ரோஸிக்கு டைபாய்டு வந்தபோது எழுதினேன். பட்டறையை நினைத்ததைச் சொல்லி எழுதினேனே, அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றுமில்லை.

பட்டறை மெஷின்களைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். உன் மாமா அண்ணா நகரில் வாட்ச்மேன். இப்போதெல்லாம் ரேடியோ போட்டால் அவரே எழுந்து அணைத்துவிடுகிறார்.

தபால்காரர் பக்தவத்சலத்திடம் கேட்டேன். "ஆள் இல்லன்னா லெட்டர் திரும்பி வந்துடும்மா. வரலன்னா, அவர் வாங்கிக்கினு கீறாருன்னு அர்த்தம்" என்றார்.

அப்படியானால் நீ உயிரோடு இருக்கிறாய். உனக்கு எழுதத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம், ராஜா. இதை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே.

உன் அக்கா
ஞானசௌந்தரி