இரண்டாவது ஜாய்ஸ்டிக்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நலம்தானே? பதினோரு பேரை வேலை வாங்குகிறவளை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. நான் கூப்பிடாமல் வேறு யார் கூப்பிடுவார்கள்?

போன் இருக்க எதற்குக் காகிதம் என்பாய். வீட்டில் நான் போனைக் கையில் எடுத்தாலே உங்கப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால் நான் வேலை பார்க்கும் பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணினால், யாரோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. வெளியிடுவதற்கு முன்னால் ஆடிப் பார்க்கச் சொல்லி உன் புது விளையாட்டை எனக்கு அனுப்பினாயே, அதிலிருக்கும் பிழைகளை நானும் வாராவாரம் எழுதி அனுப்பினேனே, அதில் ஒன்றுகூட நான் கண்டுபிடித்தது இல்லை. மூன்றாவது அறையில் விளக்கு நகர்வதற்கு முன்பே தண்ணீரில் வெளிச்சம் நகர்கிறது என்றது, படிக்கட்டில் ஒரு காலடிச் சத்தம் கூடுதலாகக் கேட்கிறது என்றது, எல்லாம் உங்கப்பா. அவர் சொன்னார், நான் எழுதினேன். முப்பது வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்த கண்ணாயிற்றே! எல்லாரையும்விட நீதாம்மா கூர்மையா பார்க்கிற என்று நீ பதில் போட்டிருந்தாய். அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நான்தான்னு அவகிட்ட சொல்லிடாத, அப்புறம் அனுப்பறதையே நிறுத்திடுவா என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு அவர்மேல் இருக்கும் கோபம் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து நினைத்துப் பார். நம் வீட்டுக்கு வந்த முதல் வீடியோ கேம் பெட்டி, நீ பிறப்பதற்கு முன்பே யாரோ கழித்துக் கட்டியதை அவர் கொண்டுவந்து சரிசெய்தது. திரையில் இரண்டு கோடு, நடுவில் ஒரு பந்து, அவ்வளவுதான். அதையே நானும் அவரும் கண் எரிய எரிய ஆடினோம். அப்புறம் கேசட் செருகும் பெட்டி வந்தது. நீயும் நானும் ஊதி ஊதிச் செருகுவோம், ஊதினா எச்சில்தான் உள்ள போகும் என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதனால் அணைக்காமலே பள்ளிக்கூடம் போய்விடுவாய். அடாப்டர் சூடேறாமல் இருக்க மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வேலை பார்த்தவர் உங்கப்பா. உனக்குத் தெரியாது. நீ வகுப்பில் இருந்தாய்.

பத்தாம் வகுப்பில் நீ கணக்கில் தோற்ற அன்று, வேறு ஒருவராக இருந்தால் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பார். ஓடுகிற மெஷினை உடைக்க இவருக்கு மனசு வராது. கட்டிங் பிளேயரை எடுத்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் வயரை மட்டும் வெட்டினார். கூட ஆட ஆள் இல்லன்னா அவளுக்கே அலுத்துப்போயிடும் என்று நினைத்தார். மெக்கானிக் புத்தி! நீ தனியாக ஆடக் கற்றுக்கொண்டாய். அப்படியே அவரோடு பேசாமல் இருக்கவும் கற்றுக்கொண்டாய்.

பதினேழு வருஷம் ஆகிறது. இதுவரை நான்கு விளையாட்டு செய்துவிட்டாய். படம் நிஜம்போல இருக்கிறது, மழை பெய்கிறது, விட்ட இடத்தை அதுவே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஆனால் நான்கிலும் ஒரே ஆள்தான் ஆட முடியும். உன் கம்பெனியில் இதை யாரும் கவனித்தார்களோ என்னவோ, நான் கவனித்தேன். வயர் வெட்டுப்பட்ட அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாவது ஆள் நான்தானே.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வந்து நின்றாய். கோணிய வாயால் அவர் ஏதோ சொல்ல முயன்றார். நீ ஜன்னலைப் பார்த்தாய். அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் ஜன்னலைத்தான் பார்த்தேன்.

இப்போது வலது கை சொன்னதில் பாதிதான் கேட்கிறது. பயிற்சி சொல்லித்தர வரும் பெண் ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னால், நான் என்ன கைக்குழந்தையா என்று தூக்கி எறிகிறார். ஆனால் உன் விளையாட்டென்றால் அந்தக் கை தானாக நகர்கிறது. ஒரு விரல் அழுத்துகிறது. இரண்டு விரல் சேர்ந்து அழுத்த வரவில்லை. உன் பாலத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தாவ வேண்டியிருக்கிறதே, அங்கேயே பத்தொன்பது நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். ஒரே ஜாய்ஸ்டிக்கில் மூன்று கை. இப்ப, இப்ப என்று அவர் கத்த, எப்ப என்று நான் கத்த, விளையாட்டில் வரும் உன் பொண்ணு நாற்பது தடவை பள்ளத்தில் விழுந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, என்னால முடியல, அவகிட்ட வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லு என்றார். அன்றிலிருந்து கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, வாலு. அந்தக் கை இனி எதற்காக எழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதம் முப்பதாம் தேதிக்கு மேல் விளையாட்டில் எதையும் மாற்ற முடியாது என்று எழுதியிருந்தாயே. அதற்குள் அந்தப் பாலத்தை மாற்று, கண்ணு. ஒருவர் விளக்கைப் பிடிக்கட்டும், இன்னொருவர் தாவட்டும். உனக்கு இது பெரிய வேலையா, சின்ன வேலையா என்று எனக்குத் தெரியாது. பெரிய வேலையாக இருந்தாலும் செய்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நேற்று மத்தியானம் பரண்மேல் இருக்கும் பழைய பெட்டியை இறக்கச் சொன்னார். வெட்டுப்பட்ட ஜாய்ஸ்டிக் அதிலேயே கிடந்தது. என்னை வயரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இடது கையால் ஈயம் உருக்கிப் பற்ற வைத்தார். என் விரலில் இரண்டு இடத்தில் சுட்டுவிட்டது, அதை விடு. நடுவில் புதிதாக ஒரு முழம் வயர் சேர்த்து நீட்டினார். முன்னாடி இருந்த அளவே போதுமே, எதுக்கு இவ்வளவு நீளம் என்று கேட்டேன். அவ இப்பல்லாம் தள்ளித்தானே உட்காருவா என்றார்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
விரல் சுட்டுக்கொண்ட அம்மா