எல்லாம் சேர்ந்த மாத்திரை

நவம்பர் 3, செவ்வாய்

மூத்த பேரன் பாலம் கட்டுகிறான். இதுவரை மூன்று கட்டியிருக்கிறான், மூன்றும் நிற்கின்றன. அடுத்தவன் பூச்சிகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவன். ஊசி போடத் தெரியாது, ஆனால் பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாம், போடுகிறான். கடைக்குட்டிப் பேத்தி நீச்சலில் கோப்பை வாங்கினாள். இரண்டாவது இடம் என்று மருமகள் சொல்லுவாள். நான் கோப்பை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மகள் வயிற்றுப் பேத்தி பல் டாக்டர், வெளிநாட்டில். அவளிடம் பல்லைக் காட்ட ஒரு மாதம் முன்னாலேயே எழுதி வைக்க வேண்டுமாம். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் ஒரு பக்கமாக மென்றுகொண்டிருப்பார்கள் போல.

அவளுக்குத்தான் இப்போது பெண் குழந்தை. என் முதல் கொள்ளுப்பேத்தி. இரண்டு மாதம் ஆகிறது. பிறக்கும்போதே மூன்றேகால் கிலோ. படிக்காமலே வாங்கிய மார்க்.

நாளை மறுநாள் விமானத்தில் வருகிறார்கள். ஒரு வாரம்தான் லீவு, மாப்பிள்ளைக்கு அதற்குமேல் கிடைக்காதாம். என் மகள் வீட்டில் தங்குகிறார்கள். ஞாயிறன்று மகன் எங்களைக் காரில் அழைத்துப் போகிறான். நான் குழந்தையைத் தூக்கப் போகிறேன். அடுத்த லீவுக்கு ஒன்றரை வருஷம் ஆகும். அதற்குள் அவள் நடக்க ஆரம்பித்திருப்பாள், தூக்க விடமாட்டாள். நான் நடந்துகொண்டிருப்பேனா என்பது வேறு கேள்வி.

பல் டாக்டர் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். "சளி, தும்மல் இருக்கிறவங்க யாரும் வரக்கூடாது. யாரா இருந்தாலும்." யாரா இருந்தாலும் என்றபோது யாரை மனதில் வைத்துச் சொன்னாளோ.

மத்தியானம் ஒரு தும்மல் வந்தது. வெங்காயம் நறுக்கினேன் என்று மருமகளிடம் சொன்னேன். "வெங்காயத்துக்குக் கண்ணுலதான அத்தை தண்ணி வரும்" என்றாள். பாங்கில் வேலை பார்க்கிறவள். கணக்கு உதைத்தால் விடமாட்டாள்.

நவம்பர் 4, புதன்

தலையணைக்குள் முகத்தை வைத்துத் தும்முகிறேன். மூக்கு குழாய் மாதிரி ஒழுகுகிறது, கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொள்கிறது. எது என்று அதுவே ஒரு முடிவுக்கு வரவில்லை.

பல் டாக்டரைக் கேட்க முடியாது, அவள்தான் நீதிபதி. பூச்சி டாக்டருக்குப் போன் போட்டேன். சும்மா ஒரு சந்தேகம், சளிக்கு நல்ல மருந்து எது என்றேன்.

"யாருக்குப் பாட்டி? பூச்சிக்கா, மனுஷனுக்கா?"

"மனுஷனுக்குத்தான்."

"அப்ப எனக்குத் தெரியாது."

எத்தனை வருஷப் படிப்பு.

இதையும் எழுதி வைக்கிறேன்: அந்தக் குழந்தை வருகிற விமானத்தில் முந்நூறு பேர் மூச்சு விடுவார்கள். அத்தனை பேர் மூக்கையுமா பல் டாக்டர் பார்த்துவிட்டு ஏறப் போகிறாள்? பாட்டி மூக்கு மட்டும் ஆகாது.

நவம்பர் 5, வியாழன்

நல்லபடியாக இறங்கிவிட்டார்களாம். குழந்தை வழி முழுக்கத் தூங்கினாளாம். கெட்டிக்காரி.

மருமகள் வேலைக்குக் கிளம்பியதும் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் போட்ட பெண் இருந்தாள். சளிக்கு ஒரு மாத்திரை கொடம்மா என்றேன். சளி என்றால் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் புடவைக்கடையில் பட்டா, நூலா, என்ன கரை என்று கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். மூக்கு ஒழுகுகிறதா, அடைக்கிறதா? இருமல் வறட்டு இருமலா, சளியோடு வருகிறதா? காய்ச்சல் உண்டா, உடம்பு வலி உண்டா?

"எல்லாம்தான். எல்லாத்துக்கும் சேர்த்தாப்ல ஒண்ணு குடுத்துடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள மூக்கு காயணும்."

"பிரஷர் இருக்கா பாட்டி? வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பின்னால் ஒரு கனைப்பு கேட்டது. எதிர் பிளாட் ரேடியோ அக்கா. காதில் விழுந்ததை மாடிக்கு மாடி ஒலிபரப்புவதால் அந்தப் பெயர். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். யாருக்கு வயது அதிகம் என்பது இன்னும் தீராத வழக்கு. இத்தனை வருஷமாக அவள் சொல்லுகிற ஒரே பெருமை, தான் ஒரு மாத்திரை கூடச் சாப்பிடுவதில்லை என்பது. பேரப்பிள்ளைகள் விஷயத்தில் அவளால் என்னை அசைக்க முடியாது, அதனால் உடம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் கிடையாதும்மா. மாத்திரையே தொட்டதில்ல" என்றேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, பத்து வருஷமாகப் பிரஷர் மாத்திரை விழுங்குகிற வாயால்.

"நம்ம உடம்பெல்லாம் அந்தக் காலத்து உடம்புக்கா" என்றாள் ரேடியோ.

கண்ணாடிக்காரி ஒரு அட்டை கொடுத்தாள். ஒழுகலுக்கும் அடைப்புக்கும் காய்ச்சலுக்கும் எல்லாம் சேர்ந்த மாத்திரை. வந்ததும் ஒன்று போட்டேன், சாயந்திரம் ஒன்று. மூக்கு பாலைவனமாகிவிட்டது. விஞ்ஞானம் என்றால் சும்மாவா.

நவம்பர் 6, வெள்ளி

ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. நெஞ்சுக்குள் யாரோ மாவு இடிக்கிறார்கள். தலை விண்விண் என்று தெறித்தது. காலையில் மருமகளின் அலமாரியிலிருந்து காய்ச்சல் மாத்திரை ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டு, அதற்குமேல் எல்லாம் சேர்ந்ததையும் போட்டேன். மூக்கு மட்டும் காய்ந்தே இருந்தது. மூக்கைக் கேட்டால் நான் பூரண சுகம். மற்ற உறுப்புகளைக் கேட்கவில்லை.

பத்து மணிக்குப் பயம் வந்துவிட்டது. மெதுவாகக் கடைக்கு நடந்தேன்.

அங்கே ரேடியோ நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி அவள் பைக்குள் இரண்டு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன ரோஸ் மாத்திரை. எனக்கு அடையாளம் தெரியாதா? தினமும் காலையில் அதன் முகத்தில்தானே விழிக்கிறேன்.

"மாடி வீட்டுக்காரருக்கு வாங்கிட்டுப் போறேன்கா. பாவம், பிரஷராம்" என்றாள் ரேடியோ.

"பாவம்தான்" என்றேன்.

அவள் போனதும் கண்ணாடிக்காரியிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்தாள். நம்பரைச் சொன்னாள். அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

"மூக்கடைப்ப எடுக்கிற மருந்து பிரஷரை ஏத்தும் பாட்டி. அதுக்குத்தான் கேட்டேன். காய்ச்சல் மருந்தும் இதுக்குள்ளயே இருக்கு. நீங்க அதுக்கு மேல இன்னொண்ணு போட்டிருக்கீங்க. எல்லாம் சேர்ந்ததுன்னு சொல்லித்தானே குடுத்தேன்."

"பக்கத்துல ஆள் நின்னாங்கம்மா."

"மருந்து அவங்களுக்கா குடுத்தேன், உங்களுக்குத்தானே குடுத்தேன்."

இது எந்த வகுப்புப் பாடமோ.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். இறங்கியிருக்கிறது என்றாள். அந்த மாத்திரையை இனித் தொடக்கூடாது, படபடப்பு திரும்ப வந்தால் நேரே டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லி, உப்புத் தண்ணீர் சொட்டு மருந்து ஒரு பாட்டில் கொடுத்தாள். சளி தானாகத்தான் போகுமாம். நான் விடவில்லை.

"அந்த மாத்திரைல மூக்கு காஞ்சிருச்சே. அப்ப சளி போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"தண்ணி நின்னா சளி போயிடுச்சுன்னு இல்ல பாட்டி. கிட்டப் போனா அடுத்தவங்களுக்கு ஒட்டத்தான் செய்யும். வீட்ல சின்னக் குழந்தை யாராவது இருக்காங்களா?"

"வீட்ல யாரும் இல்ல" என்றேன். பொய் இல்லை. மகள் வீட்டில்தான் இருக்கிறது. மிச்ச மாத்திரை எங்கே என்றாள். தூக்கிப்போட்டுவிட்டேன் என்றேன். கைப்பையில் இருக்கிறது.

நவம்பர் 7, சனி

மூக்கு அடைத்துவிட்டது, பழையபடி.

யோசித்து வைத்திருக்கிறேன். நாளை விடியற்காலையில் ஒன்றே ஒன்று. ஒரு மாத்திரைக்கு நாலைந்து மணி நேரம் மூக்கு காய்ந்து நிற்கும். என் பிரஷர் என் சொந்த விஷயம். முகத்துக்கு நேரே மூச்சு விடாமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்துத் தூக்கினால் என்ன? ஒரு நிமிஷம். பிள்ளைகளை வளர்க்காத கையா இது?

சாயந்திரம் பல் டாக்டர் போன் செய்தாள். ஒவ்வொருவராகப் பரீட்சை வைக்கிறாளாம்.

"தும்மல் இருக்கா பாட்டி?"

"இல்ல."

"மூக்கு?"

"இருக்கு."

"ஒழுகுதான்னு கேட்டேன்."

"ஒரு சொட்டு இல்ல."

"இருமல்?"

"இருமினா உனக்குக் கேட்காதா?"

அவள் சிரித்துவிட்டாள். ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் நான் எழுதிய முதல் பரீட்சை, அதுவும் டாக்டரிடம், நூற்றுக்கு நூறு. பெருமைப்படுவதற்குள் அவள் சொன்னாள்:

"மாமாவையெல்லாம் வாசல்லயே நிறுத்தி மூக்கைப் பார்த்துட்டுத்தான் விடுவேன் பாட்டி. உன்னைப் பார்க்கவே மாட்டேன். நீ நேரா உள்ள வந்து தூக்கிக்கோ. நீ பொய் சொல்லமாட்ட."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ரொம்பக் கெடுபிடி பண்றேன்னு நினைச்சுக்காத. இவளுக்கு இன்னும் வாயால மூச்சு விடத் தெரியாது. மூக்கு அடைச்சுக்கிட்டா பால் குடிக்க முடியாது. குடிச்சா மூச்சு விட முடியாது, மூச்சு விட்டா குடிக்க முடியாது. அதான் பயமா இருக்கு."

அப்போது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது போல. போனில் கேட்டது. மடக் மடக்கென்று கொஞ்சம், பிறகு மூக்கால் ஒரு சின்ன மூச்சு, மறுபடி மடக் மடக். அவசரமே இல்லை. தன் வீட்டுச் சொத்து மாதிரி குடித்தாள்.

போனை வைத்துவிட்டு வெந்நீர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் குடித்தேன். மூக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. விழுங்குவதற்குள் மூச்சு முட்டியது. எனக்கு என்ன, வாய் இருக்கிறது, திறந்துகொண்டேன்.

டம்ளர் ஆறிப்போய் அப்படியே இருக்கிறது. நாலைந்து மணி நேரம் போதுமே — யாருக்குப் போதும்? எனக்குப் போதும். குழந்தைக்கு?

நவம்பர் 8, ஞாயிறு

குளித்து, நல்ல புடவை கட்டி, பையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை போடவில்லை. மகன் காரைத் துடைத்துவிட்டு வந்து "போலாமாம்மா" என்றான்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்குச் சளி."

"என்னம்மா இது, கிளம்பற நேரத்துல? எப்பலேருந்து?"

"செவ்வாய்க்கிழமைலேருந்து" என்றாள் மருமகள். நான் இல்லை, அவள்.

"தெரியுமா உனக்கு?" என்றேன்.

"தலையணை உறைய யாரு துவைக்கிறாங்க அத்தை?"

"ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லலைன்னா கார் கதவைத் திறக்கும்போது நான் சொல்லிடலாம்னு இருந்தேன்."

அதாவது இத்தனை நாள் நான் தலையணைக்குள் தும்மியதெல்லாம் வீண். ஆனால் நானே சொன்னேன். கார் கதவுக்கு முன்னாலேயே சொன்னேன். அது என் கணக்கில்தான் வரும்.

பல் டாக்டருக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். என்ன மருந்து சாப்பிட்டாய் என்றாள். சொன்னேன். அப்போது திட்டினாள். முடிக்கும்போது குரல் உடைந்திருந்தது. எனக்கும்தான், ஆனால் எனக்குச் சளி என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர்கள் போன பிறகு புடவையை மாற்ற மனம் வரவில்லை. கட்டினபடியே படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 9, திங்கள்

இன்று சத்தமாகத் தும்மினேன். ரேடியோ கதவைத் தட்டிவிட்டாள்.

ஏன் போகவில்லை என்று கேட்டாள். சளி என்றேன். "மாத்திரை வாங்கினீங்களே" என்றாள். எனக்குப் பிரஷர், பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன், கடையில் உன் முன்னால் பொய் சொல்லி வாங்கின மாத்திரை இரண்டு நாள் படுத்தி எடுத்துவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னேன். இனி எட்டு மாடிக்கும் தெரியட்டும்.

ரேடியோ கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் தடவையாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "நீங்க சாப்பாட்டுக்கு முன்ன போடறீங்களா, பின்னயாக்கா?" என்றாள்.

நவம்பர் 11, புதன்

விமானம் ஏறிவிட்டார்கள்.

நவம்பர் 14, சனி

மூக்கு இன்று சுத்தம். எதுவும் போடாமல் தானாகவே போய்விட்டது, சொல்லிக்கொள்ளாமல் போகிற விருந்தாளி மாதிரி. ஒரு வாரம் முன்னால் போயிருக்கக்கூடாதா.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. நன்றாகக் குடிக்கிறாளாம். ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டாள். அவள் வயதுக்கு அது முதல் வகுப்பு என்று பல் டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

நாளைக்குப் போனில் பல் டாக்டரிடம் கேட்க வேண்டியதை மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். மருமகள் செல்போனில் நிறையப் படம் வருகிறது. அவள் வேலைக்குப் போனால் படமும் கூடவே போய்விடுகிறது. இருக்கும்போதும் என் விரல் பட்டால் நழுவி ஓடுகிறது. எனக்குக் காகிதத்தில் ஒரு போட்டோ வேண்டும். புதிதாக எடுத்தது, தபாலில். முகத்தை மட்டும் பெரிதாக எடுத்து அனுப்பாதே. யாராவது குழந்தையைக் கையில் தூக்கி வைத்திருக்கிற மாதிரி எடு. அந்தக் கையும் தெரியட்டும். என் கைக்கு அவள் எவ்வளவு இருந்திருப்பாள் என்று நான் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.