நான் செத்துப்போன கட்டுரை

லவினா,

தோசை ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டு பார்வதம்மாவிடம் கொடு.

காலேஜ் விண்ணப்பத்தோடு அனுப்ப நீ எழுதிய கட்டுரையை இப்போதுதான் படித்தேன். உனக்குப் பத்து வயதாகும்போது நான் செத்துப்போனேனாம். அப்படியானால் நேற்று உன் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டது யார்?

கேட்டால், "கஷ்டம் இல்லன்னா சீட்டு குடுக்கமாட்டாங்கம்மா, நான் இன்னா பண்றது? ராபர்ட்சன்பேட்டை கோச்சிங் சார்தான் சொன்னாரு" என்பாய். அவருக்குக் கஷ்டம் வேண்டுமென்றால் அவருடைய அம்மாவைச் சாகடித்து எழுதட்டும்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் தாயார் கையெழுத்து இருக்கிறது. போன வாரம் நான்தான் போட்டேன். செத்தவள் எழுந்துவந்து போட்டாளா என்று காலேஜில் கேட்டால் என்ன சொல்வாய்?

பெங்களூர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அம்மா

பி.கு.: ரயிலில் நின்றபடியே நான் தூங்குவேன் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறாய். சர்ச்சில் பாட்டு மேலே ஏறும் இடத்தில் குரல் எட்டாமல் வாயை மட்டும் அசைப்பேன் என்றும் எழுதியிருக்கிறாய். இதையெல்லாம் எப்போது பார்த்தாய்? என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே.

நான் செத்த வரியை மட்டும் அடித்துவிடு. மற்றதில் கை வைக்காதே. சாயந்திரம் வந்து இன்னொரு தடவை படிக்கணும்.