அலமேலு அக்காவின் பிடரியில் இருந்த கை

என் கண்ணான அலமேலு அக்காவுக்கு,

உன் மானேஜர் வரதனின் மணிக்கட்டை நேற்று உடைத்துவிட்டேன். நல்ல சேதியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நீதானே சொல்வாய்?

ஊருக்குத் தெரியாது அக்கா, அந்தக் கை உன் பிடரிக்கு எப்படி வந்ததென்று. அப்போதெல்லாம் கிராமபோன் கம்பெனிக்குப் பிளேட் கொடுப்பதென்றால் பெரிய தகரக் கூம்புக்குள் பாட வேண்டும். குரல் தணியும்போது முகத்தைக் கூம்புக்குள் தள்ளவும், உச்சிக்குப் போகும்போது பின்னால் இழுக்கவும் ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையை வரதன் எடுத்துக்கொண்டான். பிறகு மைக் வந்தது. இனி யாரும் பிடிக்க வேண்டாம் என்று கம்பெனித் துரை சொன்னார். "பழகிப்போச்சு துரை" என்று வரதன் சிரித்தானே தவிர, கையை எடுக்கவில்லை.

நம் வீட்டிலேயே தங்கியிருந்தவன், தொண்டையையும் பல்லையும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடிப்பான். செருப்பு, விறகுக்கட்டை, கையில் அகப்பட்டது எதுவும். தழும்பு தெரியாமல் ரவிக்கை தைக்கத் தையற்காரரிடம் அவனே அளவு சொல்வான். "அடியாத மாடு படியாது" என்பான். ஊர் உன் பாட்டில் கிறங்கிக் கிடந்தபோது நான் உன் முதுகுக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி பிளேட்டுக்குப் போகும்போது காரில் சொன்னாய்: "இதோட சரி. இனிமே என் கச்சேரிய நானே பாத்துக்கறேன்."

மைக் முன்னால் நீ பாடிக்கொண்டிருக்கையில் அவன் சரணத்தில் பிடரியை நெரித்தான். தம்புராவோடு பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். உன் குரல் அறுந்து, விக்கி, மறுபடி எழுந்தது. ஏன் அக்கா பாட்டை நிறுத்தவில்லை? பாடி முடித்த பிறகுதான் அவன் கையை ரத்தம் வரக் கடித்தாய்.

அன்று சாயங்காலமே தியாகராய நகர் வீட்டு மாடியில் அதே பிடரியைப் பிடித்து உன் தலையைச் சுவரில் மோதி, படியில் தள்ளினான். கால் வழுக்கிச் செத்தாள் என்று ஊருக்குச் சொன்னான். கண்ணால் கண்டதைப் போலீசில் சொன்னேன்.

"பாட்டுக்காரி வூட்டு சண்டைக்கெல்லாம் இன்னா கேசு? போம்மா" என்றார் ஏட்டு.

பிளேட் அமோகமாக விற்றது. அந்த விக்கலை அபூர்வ சங்கதி என்றார்கள். ஓட்டல் கிராமபோனில் அந்த இடம் வந்தால் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆஹா போடுகிறார்கள். பாவிகள்!

நேற்று மயிலாப்பூரில் ஒரு கல்யாணக் கச்சேரி. சுருதிக்கு ஆள் வேண்டும் என்றதால், யார் பாடுகிறார்கள் என்று கேட்காமல் உன் தம்புராவோடு போனேன். மேடையில் வரதன். அவன் முன்னால் ஒரு சின்னப் பெண், பிடரியில் அதே கை. நான் பின்னால் உட்கார்ந்து சுருதி போட, உன் பாட்டைத்தான் பாடினாள். சரணத்தில் அவன் விரல்கள் இறுகின. அவளும் விக்கினாள். பந்தலே கை தட்டியது.

வரதன் பூரித்துப்போய்க் கையை எடுத்துத் தரையில் ஊன்றினான். தம்புராவை ஓங்கி இறக்கினேன். குடமும் உடைந்தது, மணிக்கட்டும் உடைந்தது.

"அடியாத மாடு படியாதுன்னு நீதானேடா சொல்லுவே?" என்றேன்.

அவன் அலறினான். எனக்கு இனித்தது, அக்கா. அந்தப் பெண் அழவில்லை, தன் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். உன் தம்புரா போய்விட்டதே, கோபமா?

உனக்குக் கிடைக்காத கேஸ் அவனுக்குக் கிடைத்துவிட்டது. என்னைக் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் அடித்தாய் என்று கேட்கட்டும். உன் பிளேட்டை எடுத்துப்போய் எல்லார் முன்னாலும் கிராமபோனில் வைக்கச் சொல்வேன். சரணம் வந்ததும் அது சங்கதியில்லை, இவன் நெரித்த என் அக்காவின் மூச்சு என்பேன். எனக்கு ஜெயில் என்றாலும் சரி, இனி இந்த ஊரில் அந்த இடத்துக்கு ஒருத்தரையும் கை தட்ட விடமாட்டேன்.

உனக்குப் பின்னால் உட்கார்ந்து சுருதி போட்ட
உன் தங்கை கோதை