பதினொண்ணாம் நம்பர் கல்லைத் தேய்த்த கதை

அன்புள்ள ராங்கிக்கு,

நானும் உங்கப்பாவும் சௌக்கியம், நம்ம சலவைக் கடையில நீராவி இஸ்திரி மிஷினுக்குத்தான் இருமல். நீ சௌக்கியமான்னு இப்ப கேக்கமாட்டேன், இதைப் படிச்சு முடிச்சா எப்படியும் இருக்கமாட்டே. இந்தக் கடுதாசியோட வர்ற பெட்டியில உன் பதினாலு கல்லும் இருக்கு, உடையாம இருக்க வாடிக்கைக்காரங்க மறந்துட்டுப் போன சட்டையெல்லாம் சுத்தி வெச்சிருக்கேன், பிரிக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு. ஃபோன்ல சொல்ல நாலு தடவை வாயைத் திறந்தேன், நாலு தடவையும் சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வெச்சுட்டேன்.

உங்கப்பாவுக்கு சர்க்கரை ஏறியிருக்கு, டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னார், இவர் டாக்டரை நிறுத்திட்டார். பக்கத்துக் கடை தையல்காரர் உன் பொண்ணு என்ன படிக்குதுன்னு கேட்டார், கல்லு படிக்குதுன்னேன், அதுல என்ன இருக்குன்னு இழுத்தார். விடுவேனா, போன லீவுல நீ சொன்னதையெல்லாம் எடுத்து விட்டேன். கடலடியில கிடந்த வெறும் சேறு, ரெண்டு பெரிய நிலம் முட்டிக்கிட்டு மலை எழும்பும்போது நடுவுல மாட்டி, பல கிலோமீட்டர் கீழே போய், அந்தச் சூட்லயும் அழுத்தத்துலயும் உருகாமலே வேற கல்லா மாறிடுது, உள்ளே இருக்கிற துகளெல்லாம் தகடு தகடா ஒரே வாக்குல படுத்துக்குது, உருகிட்டா அது வேற கதைன்னு. எங்க தொழிலும் அதேதான்யா, சூடும் அழுத்தமும், உருகிட்டா நஷ்டஈடுன்னேன். வாயைப் பொளந்துட்டார்.

அந்தப் பெருமையோட வீட்டுக்கு வந்துதான், லீவு முடிஞ்சு நீ விட்டுட்டுப் போன கல்லுப் பெட்டியைத் திறந்தேன். செவப்பு மணி மணியா பதிஞ்ச அந்தப் பதினொண்ணாம் நம்பர் கல்லு, அவ்வளவு அழகு, அது மேல கறுப்பு மையில கன்னாபின்னான்னு கோடும் அம்பும். முப்பது வருஷமா கறையைக் கண்டு சும்மா இருந்த கையா இது. ஸ்பிரிட்டை ஊத்தி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன், பளிச்சுன்னு போயிடுச்சு, உங்கப்பாகிட்ட காட்டிப் பீத்திக்கிட்டேன் வேற. ரெண்டு நாள் கழிச்சு நீ ஃபோன் பண்றே, அந்த மணியெல்லாம் வளரும்போதே உருண்டிருக்கும்மா, எந்தப் பக்கம் உருண்டதுன்னு பார்த்தா மலை எந்தப் பக்கம் தள்ளுச்சுன்னு தெரியும், அதுக்குக் கல்லு பாறையில எந்தத் திசையில இருந்துச்சுன்னு தெரியணும், அம்பு போட்டு வெச்சிருக்கேன், மூணு வருஷ ஆராய்ச்சியே அதை நம்பித்தான் நிக்குதுங்கறே. நான்தான்டி அழிச்சேன். தெரியாம செஞ்சேன்னு பசப்பமாட்டேன், தொடாதேன்னு பெட்டி மேல கொட்டை எழுத்துல எழுதியிருந்தே, அது உங்கப்பாவுக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு மூச்சு அழுதேன், அப்புறம் போய் டிக்கெட் எடுத்தேன். பனி விழுந்து அந்த மலைக்குப் போற பாதை மூட இன்னும் மூணு வாரம் இருக்குன்னு நீதானே சொன்னே. பதினேழாம் தேதி காலையில அங்கே வந்து இறங்கறேன், கடையை உங்கப்பா பார்த்துக்குவார், துணிகளை ஆண்டவன் பார்த்துக்கட்டும். அதே பாறையில இன்னொரு துண்டு உடைச்சு எடு, திசையை நீ சொல்லு, அம்பை நான் போடறேன். சலவைக்குறி போடற மையைக் கொண்டு வரேன், அதை என்னாலயே அழிக்க முடியாது.

நீ நல்லா இருக்கணும், உன் கல்லு உனக்குப் பேர் வாங்கிக் கொடுக்கணும். கம்பளி சாக்ஸ் போடு, ஈர சாக்ஸைப் போடாதே. திட்டறதையெல்லாம் சேர்த்து வெச்சு மலை ஏறும்போது திட்டு, எனக்கு மூச்சு வாங்கும், எதிர்த்துப் பேச முடியாது.

இப்படிக்கு,
கறையைக் கண்டா கை சும்மா இருக்காத
உன் அம்மா