ழ வராத பாடல்கள்

என் அன்பான பயலே ஜெபா,

சிரிக்காமல் கேள். நம் மிச்சப் பாட்டுகளைத் தொகுத்து வெளியிடுகிறார்கள். ஆல்பத்தில் சேராதவை, பாதியில் நின்றவை, உங்கள் வீட்டு மாடி அறையில் போனை வாளிக்குள் வைத்துப் பதிந்தவை, எல்லாம். நம் 'திரி' குழு போட்டது ஒரே ஒரு ஆல்பம். ஊர் அதைக் கேட்டதைவிட நாம் அதைப் பற்றிப் பேசியது அதிகம். இப்போது அதை வெளியிட்ட சென்னைக் கம்பெனி அதன் பின்பக்கத்தைக் கேட்கிறது.

இசைத்தட்டில் இரண்டாம் பக்கத்துக்கு ஒதுக்கிய பாட்டுகளை பி சைடு என்பார்கள் என்று அந்தக் கம்பெனிப் பையன் எனக்கு விளக்கினான். சிவகாசிக்காரியிடம் பின்பக்கத்தை விளக்குகிறான். பட்டாசு லேபிள் அச்சடிக்கும்போது கலர் விலகி வீணாகிற ஷீட்டுகளின் வெள்ளைப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வளர்ந்தவர்கள் நாம். முன்பக்கம் ஒரு குழந்தை மூன்று கண்ணோடு மத்தாப்புப் பிடித்துச் சிரிக்கும். பின்பக்கம் உன் வரிகள் இருக்கும். பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த ஷீட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மாடி அறைச் சுவர் முழுக்க ஒட்டினாய். ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்றாய். போனது.

எதிர்வீட்டில் இருந்து இரண்டு புகார் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று உன் டிரம்ஸ். இன்னொன்று நான். வயசுப் பிள்ளை ஒருத்தி முதுகில் பேஸ் கிடாரோடு மாடி ஏறுகிறாளே என்று. உன் அம்மாதான் வாசலில் நின்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார்: "இவ எம் மவனுக்குத் தங்கச்சி முறை." எந்த வழியில் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்போம். நீங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நான் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கிற வீட்டுக்காரி. ஆனால் நீ என்னைத் தங்கச்சி என்று ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. நம் கிடார் செல்வத்தைக் கூப்பிடுகிற மாதிரியே என்னையும் 'ஏலே' என்றாய். அதில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உனக்குச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

கம்பெனியில் முதலில் கேட்டது, நீ எப்படிச் செத்தாய் என்று.

"ஊர் சிவகாசின்னு போட்டிருக்கே, வெடி விபத்துங்களா?"

காய்ச்சல் என்றேன். சீசன் நேரம், காலண்டர் ஆர்டர் குவிந்து கிடந்தது, பிரஸ்ஸில் லீவு தரவில்லை, மாத்திரையை முழுங்கிவிட்டு மிஷின் முன்னால் நின்றான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது கண்ணெல்லாம் மஞ்சள் என்றேன். "ஓ, காய்ச்சலா" என்றார்கள். ஏமாற்றம் போனிலேயே கேட்டது. சிவகாசிக்காரன் என்றால் வெடித்துத்தான் சாக வேண்டுமா? லீவு கிடைக்காமல் சாகிறவனுக்கு ஒரு வரி எழுத மாட்டார்களா?

ஆனால் சண்டை அதில் வரவில்லை. உன் நாக்கில் வந்தது.

நீ மழையை மளை என்றாய். வாழ்க்கையை வாள்க்கை என்றாய். நானும் அப்படித்தான். விருதுநகர் வத்தல் மண்டியில் மூட்டை தூக்குகிறவரும் அதே மண்டி முதலாளியும் அப்படித்தான். ஆனால் மேடையில் மாட்டிக்கொண்டது நீ. விருதுநகரில் ஒரு மண்டபத்தில் நாம் பாடி முடித்ததும், தலைமை தாங்க வந்தவர் உன் கையில் இருந்த மைக்கை வாங்கினார். "தம்பி அருமையாப் பாடுறார். யாராவது அவருக்கு ழ மட்டும் சொல்லிக் கொடுங்க" என்றார். மண்டபமே சிரித்தது. சிரித்ததில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய் வாளப்பளம்தான் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் முன்வரிசையில் உன் அம்மா இருந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவர் குனிந்ததை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன்.

அதனால்தான் ஆல்பத்துக்குச் செல்வம் பாடட்டும் என்று கம்பெனி சொன்னபோது நீ உடனே சரி என்றாய். கிடார் வாசிக்கிற செல்வத்துக்கு ழ வரும். பாட்டு அவ்வளவாக வராது. வரிகள் உன்னுடையவை, மெட்டு உன்னுடையது, குரல் அவனுடையது. நீ பாடியதெல்லாம் மிச்சத்தில் விழுந்தது. இப்போது மிச்சத்தைத் தொகுத்தால் முழுக்க முழுக்க நீதான் இருக்கிறாய். அதற்குத்தான் ஒரு நிபந்தனை போட்டார்கள். உன் குரலை வைத்தே கம்ப்யூட்டரில் ழ செய்துவிடலாமாம். வித்தியாசமே தெரியாதாம். திருத்தினால் வெளியீட்டு விழா, விளம்பரம் எல்லாம் உண்டு. திருத்தாவிட்டால் யோசிக்க வேண்டும் என்றார்கள்.

செல்வம் சென்னையில் இருந்து கூப்பிட்டான். "செய்யட்டும்லே முத்து. அவனுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்."

"செத்தவனுக்கு என்னலே நல்லது?"

"இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்கள்ல."

"மாட்டாங்களா? மாட்டாகளா? நீ எந்த ஊர்லே இப்ப?"

சிரித்தான். பிறகு மூக்கை உறிஞ்சினான். உன் இடத்தில் பாடினது அவனுக்கு இன்னமும் குறுகுறுக்கிறது போல. அவன்மேல் எனக்குக் கோபம் நிற்கவில்லை. முடிவு எங்கள் இரண்டு பேர் கையிலும் இல்லை. உன் பாட்டுக்கு உரிமை உன் அம்மாவுடையது. அவர் சொன்னால் உன் குரல் அப்படியே வரும். அவர் வேறு மாதிரி சொன்னால், நீ கடைசி வரை பாடாத ஒரு குரல் உன் பெயரில் ஊர் சுற்றும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வீடு வந்த பிறகு போனேன். கம்பெனி திருத்தி அனுப்பியதில் இரண்டு பாட்டை மட்டும் போட்டுக் காட்டலாம் என்று இருந்தேன். கேட்டதும் கொதித்துப்போய், இது எம் பிள்ளை இல்லை என்று சொல்லுவார் என்று நம்பினேன். நான் நினைத்த மாதிரி எது நடந்திருக்கிறது?

முதலில் 'மழை வந்தா லீவு' பாட்டைப் போட்டேன். வெயிலில் காயப்போட்ட பட்டாசுச் சரக்கு நனைந்தால் அன்றைக்கு வேலையும் இல்லை கூலியும் இல்லை என்று நீ எழுதினது. "மழை" என்று உன் குரல் சொன்னது. சுத்தமாக, மடங்கின நாக்கோடு. டீச்சர் கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மறுபடி போடு."

போட்டேன்.

"சொல்லிட்டான் முத்து. எம் பிள்ளை சொல்லிட்டான். இதுக்காக எம்புட்டு அடிச்சிருக்கேன் அவன. ஸ்கேல் ஒடிஞ்சதுதான் மிச்சம்." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அந்த மண்டபத்துல சிரிச்சவுக எல்லாத்துக்கும் இதப் போட்டுக் காட்டணும்."

இது அவன் சொல்லவில்லை, மிஷின் சொல்லுகிறது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார். இன்னும் ஒரு பாட்டு இருக்கு டீச்சர், அதையும் கேட்டுட்டுப் போடுங்க என்றேன். சும்மா, நேரத்தைக் கடத்தத்தான்.

அது 'ஒளி'. பக்கத்து வீட்டு முருகேசண்ணன் சொன்னதை வைத்து நீ எழுதின பாட்டு. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் வேலை செய்தாரே, உங்கள் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே சொல்லுவாரே. "எங்க கம்பெனில ரெண்டே ரூல்தாம்லே. வெடிச்சா ஒளி. வெடிக்கலேன்னா ஒளி." வெடித்தால் ஓடிப்போய் ஒளிந்துகொள். அவர்கள் கொடுத்த பயிற்சி மொத்தமும் அவ்வளவுதான். சாம்பிள் வெடிக்கவில்லை என்றால் வேலையை விட்டு ஒழி. அவர் வாயில் இரண்டும் ஒரே சொல்லாக வரும். நீ அதையே பல்லவி ஆக்கினாய். கேட்கிறவர்கள் வெளிச்சம் என்றும் எடுத்துக்கொள்ளட்டும், வாணம் வாங்குகிறவர்களுக்கு அதுதானே தெரியும் என்றாய். பிறகு ஒரு நாள் நிஜமாகவே வெடித்தது. முருகேசண்ணனுக்கு ஒளிய இடம் கிடைக்கவில்லை.

கம்ப்யூட்டர் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. எல்லா ஒளியையும் ஒழி ஆக்கிவிட்டான். "வெடிச்சா ஒழி, வெடிக்கலேன்னா ஒழி" என்று நீ அழகாகப் பாடினாய்.

டீச்சர் முகம் மாறியது. "இரு இரு. என்ன சொல்லுறான்?"

போனைத் திரும்ப ஓட்டினேன். "வெடிச்சா ஒழி."

"யாரச் சொல்லுறான்? வெடிச்சுச் செத்தவுகளையா?" சட்டென்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டில் முருகேசண்ணன் பொண்டாட்டி மாரியக்கா துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "எம் மவன் ஒருத்தரையும் ஒழிஞ்சு போன்னு சொன்னதில்ல. மாரி காதுல விழுந்தா என்ன நெனைப்பா?"

சிவப்புப் பேனாவை எடுத்துவந்தார். வகுப்பில் மயங்கொலிச் சொற்கள் நடத்துகிற மாதிரி ஒரு தாளில் எழுதினார். முதலாவது ஒளி. இரண்டாவது ஒழி. "இப்படி மாத்தித் தரச் சொல்லு. கையெழுத்துப் போடுறேன்."

"சத்தமாச் சொல்லிப் பாருங்க டீச்சர்."

பள்ளிக்கூட நாக்கில் சொன்னார். "வெடிச்சா ஒளி, வெடிக்கலேன்னா ஒழி." இரண்டாம் தடவையும் சொன்னார். நெற்றியைச் சுருக்கினார். "சப்புன்னு இருக்கே. முருகேசன் சொல்லும்போது அம்புட்டுச் சிரிப்போமே."

"அண்ணன் எப்படிச் சொன்னாக?"

யோசித்தார். பிறகு அவர் வீட்டில் பேசுகிற நாக்கு தன்னால் வந்தது. பீடிப் புகையை விடுகிற மாதிரி வாயை ஒருபக்கம் கோணிக்கொண்டு முருகேசண்ணன் மாதிரியே சொன்னார். "வெடிச்சா ஒளி. வெடிக்கலேன்னா ஒளி." சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

துணி துவைக்கிற சத்தம் நின்றது. சாத்தின ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாரியக்கா குரல்.

"என்ன டீச்சர், எங்க வீட்டுக்காரர் பாட்டப் பாடுறீக?"

போனில் அது திருத்தின குரலில் ஓடினபோது ஜன்னல் திறந்துதான் இருந்தது; அது தன் வீட்டுக்காரர் பேச்சு என்று தெரியாமல் மாரியக்கா துணி துவைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். டீச்சர் ஜன்னலைத் திறந்தார். "ஆமா மாரி. நீயும் வா. முத்து வந்திருக்கா."

அந்தத் தாளில் ழ போட்ட இடத்தை அடிக்கப் போனார். பேனா நின்றது. "ரெண்டையும் எப்படி முத்து எழுதுறது? எத எழுதுனாலும் தப்பால்ல வருது." பிறகு இரண்டு எழுத்தையுமே அடித்துவிட்டு அந்த இடத்தில் கோடு போட்டார். "பாட்டெல்லாம் அவன் பாடுனபடியே வரட்டும். பாட்டுப் புத்தகத்துல இப்படியே அச்சடி. கோடிட்ட இடத்தை நிரப்புகன்னு போட்டுரு. கேக்குறவுக நிரப்பிக்கிடட்டும்."

அப்படியே கம்பெனிக்கு எழுதிப்போட்டோம். ஒரு இடத்தில்கூட ழ போடக்கூடாது என்று. விழா கிடையாது, விளம்பரம் கிடையாது, இணையத்தில் மட்டும் ஏற்றிவிடுகிறோம் என்று பதில் வந்தது. சரி என்றேன். நாளைக்கு வருகிறது. தொகுப்புக்கு 'மயங்கொலி' என்று பெயர். உன் அம்மா வைத்தது. பாட்டுப் புத்தகத்தை உன்னோடு வேலை பார்த்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அடித்துக் கொடுத்தார்கள், கலர் விலகின ஷீட்டுகளின் பின்பக்கத்தில். உன்னைப் பற்றிய குறிப்பில், காய்ச்சல், லீவு தரவில்லை என்று நானே எழுதினேன். அதை அச்சடித்துக் கொடுத்தபோது அவர்களில் ஒருவர் இரண்டு தடவை படித்தார். தேய்ப்பது போல விரலால் அந்த வரியைத் தடவினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் கிளம்பும்போது டீச்சர் வாசல் வரை வந்தார். மாரியக்கா உள்ளே இருந்தார்கள். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அந்த முதப் பாட்டு இருக்குல்ல. மளை. அத மட்டும் திருத்துனபடியே எம் போன்ல ஏத்திக் குடுத்துட்டுப் போறியா? ஊருக்கு வேண்டாம். எனக்கு."

நான் கோபப்பட வேண்டிய இடம் அது. இத்தனை சண்டை எதற்குப் போட்டேன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏற்றிக் கொடுத்தேன். நீயும் கொடுத்திருப்பாய்தானே?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் ஜெபா. இனி நாங்கள் எங்கே வாசித்தாலும் 'ஒளி' உண்டு. செல்வம் வாசிப்பான், நான் பாடுவேன், நம் நாக்கில். அது எந்த ஒளி என்று கேட்டால் சொல்ல மாட்டேன். பாடி முடித்ததும் தலைமை தாங்க வந்தவர் கையை நீட்டினால், மைக்கைக் கொடுக்க மாட்டேன்.

தெருவுக்கு உன் தங்கச்சி,
உனக்கு ஏலே,
முத்து